வெர்மீர் வரையாத சுவர்

டச்சு ஓவியர் யொஹான்னஸ் வெர்மீரின் 'திறந்த ஜன்னலருகே கடிதம் படிக்கும் பெண்' ஓவியத்தைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை முழுவதும் ஒரு வெற்றுச் சுவரை நம்பி நிற்கிறது. பெண்ணின் தலைக்கு மேல் விரியும் அந்தச் சுவர் அவளுடைய மணவாழ்வின் வெறுமையாம். ஓவியர் வேண்டுமென்றே எதுவும் வரையாமல் விட்டாராம். அந்த மௌனத்தில்தான் படத்தின் ரகசியம் இருக்கிறதாம்.

அங்கே மௌனம் எதுவும் இல்லை. காதல் தெய்வமான க்யூபிட் பெரிதாக நிற்கிறான். 1979இல் எடுத்த எக்ஸ்ரே படத்திலேயே அவன் தெரிந்தான். வெர்மீரே மனம் மாறி அவனை மறைத்திருப்பார் என்றுதான் நீண்ட காலம் நம்பினார்கள். 2017இல் ட்ரெஸ்டன் அருங்காட்சியகத்தில் சீரமைப்பு தொடங்கியபோது அந்த நம்பிக்கை உடைந்தது. க்யூபிட்டின் மேல் வார்னிஷ், அதன் மேல் படிந்த அழுக்கு, அதற்கும் மேலேதான் சுவரின் வண்ணம். அவ்வளவு அழுக்குப் படியப் பல பத்தாண்டுகள் வேண்டும்; வெர்மீரோ 1675இல் இறந்துவிட்டார். பூசி மறைத்தது வேறொருவர். அந்தப் பூச்சை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, சிறு கத்தியால் துளித்துளியாகச் சுரண்டி எடுத்து, 2021 செப்டம்பரில் படத்தை மீண்டும் மக்கள் முன் வைத்தார்கள். நம் கட்டுரையாளர் பழைய அச்சுப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு, முகம் தெரியாத யாரோ பூசிய வண்ணத்தை வெர்மீரின் உள்மனம் என்று இரண்டு பக்கங்களுக்கு விளக்கியிருக்கிறார்.

தகவல் பிழை என்று இதை மன்னித்துவிட எனக்கு மனமில்லை. பிழை அவருடைய முறையிலேயே இருக்கிறது. எதுவும் இல்லாத இடத்துக்கும் பொருள் சொல்லலாம், இருக்கும் பொருளுக்கும் சொல்லலாம், இரண்டும் ஒரே முடிவுக்கே கொண்டுபோய்விடும் என்றால், ஓவியத்தைப் பார்க்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

வலப்பக்கம் தொங்கும் பச்சைத் திரையைப் 'பாவத்தின் மறைப்பு' என்கிறார். அக்கால டச்சு வீடுகளில் ஓவியங்களின் முன்னால் கம்பி போட்டுத் திரை தொங்கவிடும் வழக்கம் இருந்தது. வெர்மீர் அப்படியொரு திரையைப் படத்துக்குள்ளேயே வரைந்து, பார்ப்பவரின் கையை அதை விலக்கத் தூண்டுகிறார். திரைச்சீலையை வரைந்து சக ஓவியனையே ஏமாற்றிய கிரேக்க ஓவியன் பராசியஸின் கதையை ரோமானிய எழுத்தாளர் ப்ளினி எழுதியிருக்கிறார். ஐரோப்பிய ஓவியர்கள் நன்கு அறிந்த கதை அது. இன்னொன்றும் உண்டு. அந்த மூலையில் வெர்மீர் முதலில் வரைந்தது ஒரு பெரிய கண்ணாடி மதுக்கோப்பை. அதை அழித்துவிட்டுத்தான் திரையைப் போட்டார். படத்தின் அமைப்போடு போராடிய ஒருவரின் கைத்தடம் இது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.

மேசைமேல் சரிந்து கிடக்கும் பழங்களில் வெட்டுண்ட பீச் பழம் ஏவாளின் கனியாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதியதுண்டு. 'இருக்கலாம்' என்றார்கள். இவர் 'ஐயமின்றி' என்கிறார்.

எனக்குப் பெருங்கோபம் தந்தது, டச்சு ஓவியர்கள் சிலர் மட்டுமே அறிந்த ரகசிய மொழியில் பேசினார்கள் என்ற அவருடைய வாதம். குறியீட்டுப் படமும் அதன் கீழே பொருள் சொல்லும் செய்யுளுமாக யாக்கோப் காட்ஸ் எழுதிய நூல்கள் அந்நாட்டில் வீடுதோறும் வாசிக்கப்பட்டவை. வெர்மீரும் எதையும் ஒளித்தவர் அல்லர். 'தராசு ஏந்திய பெண்' ஓவியத்தில் அவளுக்குப் பின்னால் இறுதித் தீர்ப்பு நாளின் ஓவியத்தையே பெரிதாக மாட்டியிருக்கிறார். அங்கேயும் அவள் பொன்னையோ முத்தையோ நிறுக்கிறாள் என்று காலங்காலமாக எழுதினார்கள். நுண்ணோக்கியில் பார்த்தபோது தட்டுகளில் இருந்தது ஒளிப்புள்ளி மட்டுமே. லண்டனில் உள்ள வெர்மீரின் இன்னொரு ஓவியத்தில், வர்ஜினல் இசைக்கருவியருகே நிற்கும் பெண்ணின் பின்னாலும் ஒரு க்யூபிட் பளிச்சென்று நிற்கிறான். 1676இல் வெர்மீரின் வீட்டுப் பொருள்களைப் பட்டியலிட்டபோது அதில் ஒரு க்யூபிட் ஓவியமும் இருந்தது. காதலைச் சொல்ல வேண்டுமென்றால் எல்லோருக்கும் தெரியும்படி சுவரில் மாட்டியவர் அவர்.

இனி, அந்தப் பெண்ணின் மேல் கட்டுரையாளர் சுமத்தும் பழி. அது கள்ளக்காதலனின் கடிதம், அவள் கணவனை ஏமாற்றுகிறாள் என்று தீர்ப்பே எழுதிவிட்டார். மீண்டு வந்த க்யூபிட் எதை மிதித்துக்கொண்டு நிற்கிறான்? தரையில் கிடக்கும் முகமூடியை. வஞ்சகத்துக்கும் பாசாங்குக்கும் அக்காலத்தில் வழங்கிய அடையாளம் முகமூடி. ஒரு குறியீட்டைத்தான் நம்ப வேண்டுமென்றால், வெர்மீரே வரைந்த இந்தக் குறியீடு கட்டுரையாளரின் தீர்ப்புக்கு நேர் எதிராகச் சாட்சி சொல்கிறது. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அறியவோ வழியில்லை. ஒரு சொல்லைக்கூட நாம் படிக்க முடியாதபடிதான் அந்தத் தாளை ஓவியர் வரைந்திருக்கிறார்.

கட்டுரையாளர் அந்தப் பழியைத் திரும்பப் பெறட்டும். கட்டுரை நூலாக வருமானால், 2021க்குப் பிந்தைய படத்தை அச்சிட்டு, அதன் எதிரில் தம் வாதத்தை மீண்டும் எழுதிக் காட்டட்டும்.