நித்திரைக்குத் தண்டனை

சாரதி அனுமதிப்பத்திரம் அரசாங்கம் தரும் சலுகையேயன்றி உரிமையன்று என்று வாதிடுவோர் உளர். ஞாயிற்றுக்கிழமைகளில் உல்லாசமாகக் கார் ஓட்டுபவனுக்கு அது சலுகையாக இருக்கலாம். லொறி ஓட்டிப் பிள்ளைகளுக்குச் சோறு போடுபவனுக்கு அது என்ன?

பிரித்தானியாவை எடுத்துக்கொள்வோம். நித்திரையில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, மூச்சு மீண்டும் மீண்டும் நின்றுபோகும் நோயொன்று உண்டு. நோயாளி இரவு முழுவதும் படுத்திருந்தும் உறங்காதவனாகவே எழுகிறான். பகலில் அவனை மீறிக் கண் மூடுகிறது. அந்நிலையில் அவன் வாகனம் ஓட்டலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். அதிகாரிகளுக்குத் தானே அறிவிக்கவும் வேண்டும். தவறினால் 1,000 பவுண் வரை தண்டம். நோய் கட்டுப்பட்ட பின்னரே மீண்டும் ஓட்டலாம்.

உறங்குபவன் கையில் வாகனம் இருக்கலாகாது. இதில் நமக்குக் கருத்து வேறுபாடில்லை. வீதியிற் செல்லும் குழந்தையின் உயிர் எவருடைய சம்பளத்தினும் பெரிது. ஆயின் இச்சட்டம் யாரைப் பிடிக்கிறது, யாரை விட்டுவிடுகிறது? உண்மையைச் சொன்னவனின் பிழைப்பு நிற்கிறது. மறைத்தவன் தொடர்ந்து ஓட்டுகிறான். சிகிச்சைக்குக் காத்திருக்கும் நாளெல்லாம் முன்னவன் வீட்டு அடுப்பும் காத்திருக்கிறது. வைத்தியரிடம் செல்வதற்கே தொழிலாளி அஞ்சும் நிலையை உண்டாக்கிவிட்டு, ‘ஏன் மறைத்தாய்?’ என்று கேட்பது என்ன நியாயம்? இத்தனைக்கும் இது கட்டுப்படுத்த இயலாத நோயன்று. மூக்கிற் பொருத்திய முகமூடி வழியே காற்றைச் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் முறையைச் சிட்னியிலிருந்து கொலின் சலிவன் முதலியோர் 1981இலேயே வெளியிட்டுவிட்டனர்.

தொழிலாளியின் நோயில் வேலை வாங்குவோருக்குப் பங்கில்லையா? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2013 டிசம்பர் 1ஆம் திகதி காலை, நியூயோர்க்கின் புரொங்ஸ் பகுதியில், மணிக்கு 30 மைல் வேகத்திற் கடக்கவேண்டிய வளைவில் 82 மைல் வேகத்திற் பாய்ந்த புகையிரதம் தடம்புரண்டு நால்வர் மாண்டனர். சாரதி உறங்கிவிட்டார். கண்டறியப்படாதிருந்த இந்நோயும், அதை மோசமாக்கிய வேலைநேர மாற்றமுமே அதற்குக் காரணமென விசாரணைச் சபை கூறியது. வேலைநேர அட்டவணைகளை வகுப்போர் சாரதிகளா? 2016 மார்ச்சில், புகையிரத, லொறி, பஸ் சாரதிகளை இந்நோய்க்குப் பரிசோதிக்கும் விதிகளை ஆக்க அரசாங்கம் முற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் ஹொபோக்கன் நிலையத்தில் இன்னொரு புகையிரதம் மோதி ஒரு பெண் இறந்தார். அதன் சாரதிக்கும் இதே நோய். இவ்வளவிற்குப் பின்னரும் 2017 ஓகஸ்டில் அம்முயற்சி கைவிடப்பட்டது! ஏழைச் சாரதியின் பத்திரத்தைப் பறிக்க நீளும் கை, கம்பனிகளின் வாசலில் மடங்கிக்கொள்கிறது.

பரிசோதனைச் செலவை வேலை வாங்குபவர் ஏற்கட்டும். சிகிச்சைக் காலத்திற் சம்பளம் நிற்கலாகாது. வாகனம் ஓட்டாத வேறு வேலை கொடுக்கப்படட்டும். இரவையும் பகலையும் மாற்றி மாற்றி வேலை வாங்கும் அட்டவணைகளும் விசாரணைக்கு வரட்டும். பத்திரத்தை மட்டும் பறித்து வீட்டுக்கு அனுப்பினால், அதைக் கண்ட அடுத்த சாரதி வைத்தியரிடம் போகப்போவதில்லை.