முதல் மூன்று மாதக் காற்று

சிங்கப்பெருமாள் கோவிலில் ஜி.எஸ்.டி. சாலையும் ஒரகடம் போகும் சாலையும் சந்திக்கின்றன. கன்டெய்னர் லாரிகளின் புகையில்தான் கர்ப்பிணிகளும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். இந்தப் புகை கருவை எப்படிப் பாதிக்கக்கூடும்? கருவின் தைராய்டு சுமார் 12ஆவது வாரத்தில்தான் தைராக்ஸின் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்கும். அதுவரை சிசுவின் மூளை வளர்ச்சிக்குத் தாயின் தைராக்ஸினே கதி. ஐரோப்பா, அமெரிக்காவில் 9,931 கர்ப்பிணிகளின் தரவுகளை அலசிய 2019ஆம் ஆண்டு ஆய்வு, முதல் மூன்று மாதங்களில், புகையில் இருப்பது போன்ற நுண்துகள் மிகுந்த காற்றைச் சுவாசித்தவர்களிடம் தைராக்ஸின் குறைவு கூடுதலாக இருந்ததைக் கண்டது. காற்றுதான் காரணம் என்று இது நிரூபித்துவிடவில்லை. ஆனால் எச்சரிக்கைக்கு இது போதும். நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். இந்திய வரம்போ 40. அரசு இந்த வரம்பை இறக்க வேண்டும், லாரிப் புகையை அடக்க வேண்டும். அதுவரை, கர்ப்பம் உறுதியானதுமே தைராய்டு பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.