மூடநம்பிக்கை என்று முடித்துவிடலாமா?

சென்ற பள்ளி விடுமுறையில் தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து ஆசிரியர் சிலருடன் பகாங் மாநிலத்துச் சுங்கை லெம்பிங்கிற்குச் சென்றிருந்தேன். குவாந்தானுக்கு அப்பால் மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர் அது. 1906 முதல் ஆங்கிலேய நிறுவனம் ஒன்று அங்கே பாறையைக் குடைந்து ஈயம் எடுத்தது. சுரங்க வழிகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 320 கிலோமீட்டர் என்பர். 1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. மறு ஆண்டே சுரங்கம் மூடப்பட்டது. இன்று அதன் ஒரு பகுதி காட்சியிடமாக விளங்குகிறது.

குளிர்ந்த அவ்விருட்டுக்குள் நடக்கையில், முற்காலத்து ஈயத் தொழிலாளரின் நம்பிக்கைகளைப் பற்றிப் பேச்செழுந்தது. "எல்லாம் மூடநம்பிக்கை, மாணவரிடம் இவற்றைப் பேசிப் பயனென்ன?" என்றார் உடன் வந்த ஆசிரியர் ஒருவர். அனைவரும் நகைத்தனர். என்னால் நகைக்க இயலவில்லை. காரணத்தைப் பின்னர்ச் சொல்கிறேன்.

அந்நம்பிக்கைகள்தாம் யாவை? பேராக் மாநிலத்துக் கிந்தாச் சுரங்கங்களைப் பற்றி ஆபிரகாம் ஹேல் என்னும் அதிகாரி 1885இல் எழுதினார். வால்ட்டர் ஸ்கீட் என்பவர் 1900இல் 'மலாய் மந்திரம்' என்னும் பெருநூலை வெளியிட்டார். ஈயத்திற்கு உயிருண்டு, அது தானே இடம்பெயரும், எருமை வடிவிலும் உலவும் என்று தொழிலாளர் நம்பினர். பாவாங் எனப்படும் மந்திரவாதியின் சொல்லே அங்குச் சட்டம். சுரங்கத்துள் செருப்பணியலாகாது, குடை விரிக்கலாகாது, மீறினால் தண்டம். யானை, பூனை, எருமை ஆகியவற்றின் இயற்பெயரை உரைக்கலாகாது. பாம்பை 'உயிருள்ள வேர்' என்றே கூறவேண்டும்.

நண்பர்களே, இந்த ஸ்கீட் நமது கோல லங்காட் மாவட்டத்தில் பணியாற்றியவர். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் இவ்வூர்ப் பகுதியில் முதியவர்களிடம் கேட்டுக் கேட்டு ஏட்டில் ஏற்றியவர். கடல் கடந்து வந்த அதிகாரிக்கு இருந்த பொறுமை, இம்மண்ணிலேயே பிறந்த தமிழாசிரியராகிய நமக்கு ஏன் இல்லாமற் போயிற்று?

பிறரைக் குறை கூறுமுன் என்னையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறேன். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வெளிவந்த புதிதில், 'என் தாத்தா' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். ஒரு மாணவன், தன் தாத்தா ஈயக் கப்பலில் வேலை செய்ததையும், வேலைக்கு ஏறுமுன் முனியாண்டியை நினைத்துக் கற்பூரம் ஏற்றியதையும், குட்டையருகே பாம்பைக் கண்டால் 'பூச்சி' என்றே சொன்னதையும் எழுதியிருந்தான். நான் என்ன செய்தேன்? 'பூச்சி'யைச் சிவப்பு மையால் அடித்துப் 'பாம்பு' என்று திருத்தினேன். ஓரத்தில் 'மூடநம்பிக்கை, நீக்குக' என்று எழுதினேன். ஆண்டுகள் பல கழித்து ஸ்கீட்டின் நூலைப் புரட்டியபோதுதான், மலாய்த் தொழிலாளரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே அச்சத்தை இரு மொழிகளில் மறைத்துப் பேசினர் என்பது விளங்கிற்று. அத்தாத்தாவிடம் கேட்கலாமென்று விசாரித்தேன். அவர் மறைந்து நெடுநாளாயிற்று.

அறியாமையாலன்றோ அவர்கள் அவ்வாறு நம்பினர் என்பீர். 1857இல் அம்பாங் காட்டுக்குள் ஈயம் தேடிச் சென்ற 87 சீனத் தொழிலாளருள் 18 பேரே ஒரு மாதத்திற்குப்பின் எஞ்சினர் என்று வரலாறு கூறுகிறது. ஏனையோரை மாய்த்தது மலேரியா. அந்நோயைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றினை ரொனால்டு ராஸ் கண்டது 1897இல்தான். 'மலேரியா' என்னும் சொல்லின் பொருளே கெட்ட காற்று என்பதாகும். கற்றவர் காற்றைப் பழித்தனர். கல்லாதவர் காட்டு ஆவியைப் பழித்தனர். இருவரும் அறியாதவரே. ஒருவரின் அறியாமைக்கு மருத்துவ வரலாற்றில் இடமளிக்கும் நாம், மற்றவரின் அறியாமையை மட்டும் எள்ளி நகையாடுவது என்ன நீதி?

கடல்களுக்கு அப்பாலும் இதே நிலைதான். பொலிவியா நாட்டுப் பொத்தோசி மலையில் 1545 முதல் வெள்ளி எடுக்கப்பட்டது. அங்கே தொழிலாளர் தரைக்கு மேலே கிறித்துவர். சுரங்கத்துள்ளேயோ 'தீயோ' என்னும் கொம்புடைய உருவத்திற்குச் சுருட்டும் மதுவும் கொக்கா இலையும் படைப்பர். 'தீயோ' என்றால் மாமன் என்று பொருள். உயிருக்குக் காப்பளிக்க எவரும் இல்லாதவிடத்து, அஞ்சத்தக்க ஒன்றையே உறவு சொல்லி அழைத்தான் மனிதன். ஐயா என்றும் அம்மா என்றும் காவல் தெய்வங்களை அழைக்கும் நமக்கு இஃது புரியாதா?

அப்படியாயின் மூடநம்பிக்கையைப் பள்ளியில் வளர்க்கச் சொல்கிறீரா என்று சிலர் வினவக்கூடும். இல்லை. அந்நம்பிக்கைகளில் தீமையும் இருந்தது. பாவாங்கின் கட்டணமும் தண்டமும் ஏழையின் கூலியைத் தின்றன. மண் சரிந்து ஒருவன் மாண்டால் அதனை ஆவியின் சினமென்று அமைதி கொண்டபோது, முட்டுக்கொடுக்கத் தவறிய முதலாளி தப்பினான். இதையும் மாணவர் அறியவேண்டும். ஆனால் கேளாமலே ஒதுக்கிவிட்டால் எதனை ஆராய்வது? 'மூடநம்பிக்கை' என்னும் ஒரு சொல் ஆராய்ச்சியின் தொடக்கமன்று. பல வேளைகளில் அஃது ஆசிரியரின் சோம்பலுக்கு இட்ட அழகிய பெயர்.

நம்மவர் இரப்பர்த் தோட்டத்தில் மட்டும் உழைத்தவரல்லர். ஈயக் கப்பலிலும் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கத்திலும் உழைத்தனர். ஈயம் எடுத்த குழிகள் இன்று ஏரிகளாகிவிட்டன. சன்வேயில் குழியின்மீது நகரமே எழுந்துவிட்டது. அங்கு உழைத்தோரின் நினைவு மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதுவும் முதியோர் சிலரிடமே.

ஆகவே, ஆசிரியர்களே, அடுத்த கட்டுரைப் பாடத்தில் மாணவரை வீட்டு முதியவரிடம் அனுப்புங்கள். அவர் சொன்ன சொல்லை அவர் சொன்னவாறே எழுதச் செய்யுங்கள்; இடத்தையும் ஆண்டையும் குறிக்கச் செய்யுங்கள். ஏன், எதற்கு என்னும் வினாக்களைப் பின்னர் வகுப்பில் எழுப்புங்கள். அவன் 'பூச்சி' என்று எழுதி வந்தால், சிவப்பு மையை மட்டும் சற்றே மூடி வையுங்கள்.