நண்பர்களையும் பிரிக்காதீர்கள்

“சின்னப் பிள்ளைதானே, நாலு நாள் அழும், அப்புறம் மறந்துவிடும்.” குழந்தைகள் இல்லத்திலிருந்தோ வளர்ப்புக் குடும்பத்திலிருந்தோ ஒரு பிள்ளையை வேறிடத்துக்கு மாற்றும்போது பெரியவர்கள் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது. தாய் தகப்பன் பாசம் அறியாத பிள்ளைக்கு உண்மையான நட்பு வராது, வந்தாலும் அது கெட்ட சகவாசம் என்ற எண்ணமும் இதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுமே பொய்.

1945இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் முகாமிலிருந்து மீட்கப்பட்ட யூதக் குழந்தைகளில் ஆறு பேர், இங்கிலாந்தில் சசெக்ஸ் பகுதியின் புல்டாக்ஸ் பேங்க் என்ற வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். மூன்று, நான்கு வயது. பெற்றோர் கொல்லப்பட்டுவிட்டார்கள், நினைவு தெரிவதற்கு முன்பிருந்தே முகாமில் பலர் கைமாறி வளர்ந்தவர்கள். வந்த புதிதில் பொம்மைகளை உடைத்தார்கள். பார்த்துக்கொள்ள வந்தவர்களை அடித்தார்கள், கடித்தார்கள். ஆனால் தங்களுக்குள் ஒரு நொடி பிரியவும் சம்மதிக்கவில்லை. சாப்பாட்டு வேளையில் தான் உண்பதைவிடப் பக்கத்துப் பிள்ளைக்கு எடுத்துக் கொடுப்பதே அவர்களுக்கு முக்கியமாக இருந்தது. குழந்தை உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்டும், அந்த வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட சோஃபி டானும் 1951இல் இதை விரிவாக எழுதினார்கள். பெற்றோரிடம் போய்ச் சேர வழியில்லாத அன்பு தோழர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது. அந்த அன்புதான் அவர்களைத் தாங்கியது.

இந்தியாவின் 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம், வளர்ப்புக் குடும்பத்தில் சேர்க்கும்போது உடன்பிறந்தவர்களைக் கூடியவரை சேர்த்தே வைக்கச் சொல்கிறது. நல்ல விதி. ஆனால் வருடக்கணக்காகப் பக்கத்துப் பாயில் படுத்து, காய்ச்சலில் தண்ணீர் கொடுத்து, பள்ளியில் “ஹோம் பசங்க” என்ற ஏச்சைச் சேர்ந்து தாங்கிய நண்பனைப் பற்றி அந்த விதி எதுவும் சொல்லவில்லை.

பிள்ளைகள் குடும்பத்தில் வளர்வதை நான் எதிர்க்கவில்லை. இல்லங்களில் மூத்தவர்கள் இளையவர்களை வதைப்பதும் உண்டு. அப்படிப்பட்ட நிலையில் பிரித்துத்தான் காக்க வேண்டும். அதற்காக எல்லா நட்பையும் சந்தேகிப்பது அநியாயம். இடம் மாறிய பிள்ளை அழுகையை நிறுத்துவதும் மறதி அல்ல. கேட்க ஆளில்லாத இடத்தில் அழுது பயனில்லை என்று அது கற்றுக்கொண்டிருக்கலாம்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. மாற்றுவதற்கு முன் “உனக்கு யார் வேண்டும்?” என்று, இடமாற்றத்தை முடிவுசெய்யும் குழந்தைகள் நலக் குழு பிள்ளையிடம் கேட்கட்டும். அந்தப் பெயரைப் பராமரிப்புத் திட்டத்தில் எழுதட்டும். வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு, விடுமுறையில் ஒரு சந்திப்பு என்று உறுதி தரட்டும். 18 வயதில் இல்லத்தைவிட்டு வெளியேறுபவருக்குச் சொந்தம் என்று சொல்ல அந்த நண்பர் ஒருவரே இருக்கக்கூடும். உடன்பிறந்தவர்களுக்குச் சட்டம் தந்த பாதுகாப்பு, உடன்வளர்ந்தவர்களுக்கும் வேண்டும்.