அடைத்தவனிடமே அளவுகோல்

2018 மே 22இல் தூத்துக்குடியில் இசுடெர்லைட்டு ஆலையை எதிர்த்தெழுந்த மக்கள்மேல் தொடங்கிய காவல்துறைத் துமுக்கிச்சூட்டில் 13 பேர் மாண்டனர். மறுநாளே தமிழ்நாட்டரசின் உள்துறை தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாள்களுக்கு இணையத்தை முடக்க ஆணையிட்டது. புரளி பரவாமல் தடுக்கவாம்! சூடுபட்டவன் பிழைத்தானா மாண்டானா என்று துடித்த வீட்டார்க்குச் செய்தியே புரளியாயிற்றுப் போலும். வெள்ளையன் 1885இல் செய்த தொலைவரி (தந்தி)ச் சட்டம். அதன்கீழ்த் தில்லி 2017இல் வகுத்த நெறிமுறை. ஆணை மட்டும் சென்னையது.

எவ்வூரில் எந்நேரம் இணைப்பு அற்றது, எந்நேரம் மீண்டது? கணக்குண்டா? நாட்டின் இணைய முடக்கங்களைப்பற்றி உள்துறை அமைச்சகத்திடமும் தொலைத்தொடர்புத் துறையிடமும் பதிவேடே இல்லை என்பதை 2021 திசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழுவே வெளிப்படுத்தியது. அடைத்தவன் கணக்கு வையான். அடைபட்டவனே வைத்தல் வேண்டும்.

அதற்குக் கருவி இல்லாமலில்லை. 1983இல் அமெரிக்கரான மைக்கு மூசு 'பிங்' என்னும் சிறு நிரலை எழுதினார். ஒரு பொதியை விடுத்து, மறுமொழி வர எத்தனை நொடிக்கூறு ஆகிறதென அளப்பது அது. கயிற்றில் ஈயக்குண்டு கட்டிக் கடலாழம் அறிந்த இக்கரைப் பரதவர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? 'எதிரொலிப்பான்' என்று தமிழில் வழங்கினால் வாய் கோணிவிடாது. வான் சேக்கபுசன் 1987இல் ஆக்கிய 'திரேசுரூட்டு', அஃதாவது தடங்காட்டி, ஒருபடி மேற்சென்றது. பொதி எத்தனை திசைவிகளைத் தாண்டலாமென்று அதன்மேல் ஓர் எண் குறிக்கப்படும். திசைவி ஒவ்வொன்றும் அதில் ஒன்றைக் குறைக்கும். சுழியானதும் பொதியைக் கைவிட்டு, விடுத்தவர்க்கு அறிவிக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணைக் கூட்டி விடுத்துக்கொண்டே போனால், வழியிலுள்ள திசைவிகள் ஒவ்வொன்றாய்த் தம்மைத் தாமே காட்டிக்கொடுக்கும். நுட்பமான சூழ்ச்சி!

அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகம் உலக வலைப்பின்னல்கள் ஒன்றற்கொன்று அறிவிக்கும் வழிகளையெல்லாம் தொகுத்து வருகிறது. நன்றியுடன் ஏற்கத்தக்க பணியே. ஆயின் அப்பட்டியலில் சாயர்புரத்தைத் தேடுவது வீண். வழியறிவிப்பு நிறுவன அளவினதேயன்றி மாவட்ட அளவினது அன்று. மாவட்டத்தை முடக்குவோர்க்கு அதனைத் தொடவேண்டிய தேவையில்லை. பயனரின் வாயிலை அடைத்தாற் போதும். எனவே மூன்று மாவட்டங்கள் இருண்டு கிடக்கையிலும் அப்பட்டியலில் இந்தியா என்னும் ஒற்றைக் கட்டி ஒரு குறையுமின்றி ஒளிரும். தில்லிக்கு எத்துணை வாய்ப்பான காட்சி!

மாவட்ட இருட்டு மாவட்டத்துக்குள் இருக்கும் கருவிக்கே முழுதும் புலனாகும். ஆம்சுட்டர்டாமிலுள்ள இரைப் அமைப்பு 2010 முதல் நடத்தும் அட்லசுத் திட்டம் உள்ளங்கையளவுப் பெட்டியொன்றைத் தன்னார்வலர்க்கு விலையின்றித் தருகிறது. அஃது இராப்பகலாக அளந்து கணக்கனுப்பும். இணைப்பு அறுந்த நேரமும் மீண்ட நேரமும் அதிற் பதிந்து நிற்கும். திருக்குறளை 1886இல் ஆங்கிலத்தில் தந்த போப்பையர் 1840களில் கல்விக்கூடம் நடத்திய ஊர் சாயர்புரம். இன்றும் அவர் பெயரில் அங்கொரு கல்லூரி உண்டு. அங்கும், இக்கரைப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் அத்தகைய பெட்டியை வைக்க எவர் தடை? மாநாட்டுப் பந்தலுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு துளி போதுமே! பிறர் பெட்டிக்குக் காத்திராமல் தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளே ஆக்கித் தரவும் கூடும்.

முடக்க ஆணைகளை வெளியிட்டே ஆகவேண்டுமென 2020 சனவரியில் உச்ச நயன்மன்றம் தீர்த்தது. ஆணை ஐந்து நாள் என்று சொல்லி, முடக்கம் ஆறு நாள் நீளுமாயின், வழக்காடச் செல்லும் தமிழன் எந்தக் கணக்கை எடுத்து நீட்டுவான்?