ஓங்கிய கை

சாம்பியன் பட்டத்துக்கான இறுதி ஆட்டம். ரெமிங்டன் டேட்டை வீழ்த்த ஆளில்லை என்று அரங்கம் முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது. எதிரில் நிற்பவன் ஸ்கார்ப்பியன். அடி விழுகிறது, ரெமிங்டன் திருப்பி அடிக்கவில்லை. மறுபடி விழுகிறது, தடுக்கக்கூட இல்லை. பார்வையாளர் வரிசையில் நிற்கும் அவன் காதலி ப்ரூக்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுடைய தங்கை நோரா ஸ்கார்ப்பியனின் பிடியில் இருக்கிறாள், அவளை மீட்க ரெமிங்டன் கொடுக்கும் விலைதான் இந்தத் தோல்வி என்பது அவளுக்குப் பிறகுதான் தெரியவருகிறது.

கேட்டி எவன்ஸின் 'ரியல்' 2013இல் வந்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டுகளில் குவிந்த 'சண்டைக்காரன் காதல்' நாவல்களில் இதுவும் ஒன்று. அட்டையில் சட்டையில்லாத ஆண் உடல், உள்ளே தாராளமான படுக்கையறைக் காட்சிகள், கதாநாயகி சொல்லும் தன்மைக் கதை. இவற்றைப் பார்த்து இலக்கியவாதிகள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒதுங்கியது தவறு என்று இந்த இதழ் கருதுகிறது. அடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட ஒருவன் எங்கே அடிக்காமல் நிற்கிறான் என்ற கேள்வியை லட்சக்கணக்கான பெண்கள் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். அது அற்பமான கேள்வி அல்ல.

இந்த வகை எப்படி முளைத்தது என்பதில் வியப்பில்லை. 1993இல் டென்வர் நகரில் தொடங்கிய யூஎஃப்சி கூண்டுச் சண்டை, ஆரம்பத்தில் எடைப்பிரிவுகூட இல்லாமல் நடந்தது. செனட்டர் ஜான் மெக்கெய்ன் அதைச் சேவல் சண்டையோடு ஒப்பிட்டு எதிர்த்தார். பல மாநிலங்கள் தடைசெய்தன. நியூயார்க் மாநிலம் 2016 வரை அனுமதிக்கவே இல்லை. விதிகள் வந்து, 2005இல் தொலைக்காட்சித் தொடர் வழியாக வீடுகளுக்குள் நுழைந்த பிறகு கூண்டுக்குள் நிற்பவர்கள் நட்சத்திரங்களானார்கள். 2007இல் லோரி ஃபாஸ்டர் 'காசிங் ஹேவக்' நாவலோடு ஒரு சண்டைக்காரர் வரிசையைத் தொடங்கினார். அதே ஆண்டில் அமேசானின் மின்னூல் சுயவெளியீடும் வந்தது. பதிப்பாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமல் பெண்கள் தாங்கள் வாசிக்க விரும்பியதைத் தாங்களே எழுதி விற்கலாயினர்.

அப்படிச் சுயமாக வெளியிடப்பட்டதுதான் ஜேமி மெகுவயரின் 'ப்யூட்டிஃபுல் டிஸாஸ்டர்'. 2011இல் மின்னூலாக வந்து நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது, 2012இல் ஏட்ரியா பதிப்பகம் அச்சில் கொண்டுவந்தது, 2023இல் திரைப்படமானது. ட்ராவிஸ் மேடக்ஸ் கல்லூரிக் கட்டடத்தின் நிலவறையில் பணத்துக்குச் சண்டை போடுபவன். அபி, சூதாடித் தகப்பனிடமிருந்து தப்பி, யாரும் தன்னை அறியாத ஊருக்குப் படிக்க வந்தவள். ஒரு அடிகூட வாங்காமல் அவன் ஜெயித்தால் அவள் ஒரு மாதம் அவன் வீட்டில் தங்க வேண்டும் என்று பந்தயம். ஜெயிக்கிறான், தங்குகிறாள், காதல் பிறக்கிறது.

வேகமான நாவல். ஆனால் அதன் உள்ளே ஒரு விஷம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. அபியைப் பற்றி இழிவாகப் பேசியவனை ட்ராவிஸ் உணவுக்கூடத்திலேயே அடித்து நொறுக்குகிறான். முதல் இரவுக்குப் பிறகு அவள் சொல்லாமல் கிளம்பிப் போனதும் வீட்டுச் சாமான்களை உடைத்துத் தள்ளுகிறான். இவையெல்லாம் அவன் அன்பின் ஆழத்துக்குச் சாட்சிகளாகக் கதையில் வைக்கப்படுகின்றன. அவள்மீது கை படவில்லை என்பதே அவனுடைய பெருமையாகிறது. அவளைச் சுற்றியிருக்கும் சுவரும் மேசையும் மனிதர்களும் அடிவாங்கும் வீட்டில், அடுத்தது யார் என்ற பயம் அவளுக்கு வராமலா போகும்? நாவல் அந்தப் பயத்தை எழுதவில்லை. அமெரிக்க வாசகிகளில் பலரே அன்று இதைக் கண்டித்து எழுதினார்கள்.

'ரியல்' நாவலின் நாயகனும் மென்மையானவன் அல்ல. அவனுக்கு பைபோலார் மனநோய்; தொழில்முறைக் குத்துச்சண்டையிலிருந்து வெளியேற்றப்பட்டு மறைமுகப் போட்டிகளில் இறங்கியவன். சொல்ல வராததைப் பாட்டுப் போட்டுக் கேட்கவைத்துச் சொல்பவன். எவன்ஸும் அவனுடைய பொறாமையைப் பல இடங்களில் கொஞ்சிக் குலாவுகிறார். ஆனாலும் கதையின் உச்சத்தில் அவனுடைய காதல் வெளிப்படும் விதம், கையைக் கீழே போட்டு நிற்பது. ட்ராவிஸ் அடித்துக் காட்டுகிறான். ரெமிங்டன் அடி வாங்கிக் காட்டுகிறான். ஒரே அலமாரியில், ஒரே மாதிரி அட்டையோடு இருக்கும் இரண்டு நாவல்களுக்கு நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது. விமர்சனம் என்ற ஒன்று தேவைப்படுவது இந்தத் தூரத்தை அளக்கத்தான்.

ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட 'ரீடிங் த ரொமான்ஸ்' இங்கே உதவுகிறது. அமெரிக்க மத்திய மேற்கில் ஸ்மித்டன் என்று புனைபெயரிட்ட ஊரில், காதல் நாவல்களை விடாமல் வாசிக்கும் 42 பெண்களிடம் அவர் பேசினார். வீட்டில் எல்லாருக்கும் எல்லாமும் செய்து முடித்தபின் தனக்கென்று கிடைக்கும் நேரம் அந்தப் புத்தகம்தான் என்றார்கள். நாயகனின் முரட்டுத்தனத்துக்கு அடியில் ஒரு பரிவு இருக்கிறது, கதையின் முடிவில் அது வெளியே வந்தே தீரும் என்ற உறுதியை நாவல் அவர்களுக்குத் தந்தது. ராட்வே அந்தப் பெண்களை மதித்தார். ஆனால் ஆணின் முரட்டுத்தனத்தை அன்பின் மாறுவேடமாக வாசிக்கப் பழக்குவதில் உள்ள ஆபத்தையும் மறைக்கவில்லை. சண்டைக்கார நாவல் பிறப்பதற்கு இருபதாண்டுகளுக்கும் முன்பே அதன் இரண்டு பக்கங்களையும் அவர் எழுதிவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கதைக்கு இன்னும் பழைய வேர்கள் உண்டு. பெர்னார்ட் ஷா தன் இருபதுகளில், 1882 வாக்கில் எழுதி, 1886இல் நூலாக்கிய 'காஷெல் பைரன்ஸ் ப்ரொஃபெஷன்' முழுக்க முழுக்க இதே கதைதான். நடிகையின் மகன் காஷெல் பள்ளியிலிருந்து ஓடி, மெல்பர்னில் குத்துச்சண்டை கற்றுச் சாம்பியனாகிறான். பெரும் பணக்காரி, பெரும் படிப்பாளி லிடியா கேரூ அவனைத் தன் தோட்டத்து மரங்களுக்கிடையே கண்டு கிரேக்கச் சிலையைக் கண்டதுபோல் நின்றுவிடுகிறாள். சட்டவிரோதப் பந்தயச் சண்டை முடிந்து அவன் தப்பி ஓடிவரும்போது, பொய்யே சொல்லாத லிடியா போலீஸிடம் பொய் சொல்லி அவனைக் காப்பாற்றுகிறாள். அவள் அவனை மணப்பதற்குச் சொல்லும் காரணமும் விசித்திரமானது: புத்தகத்தில் தேய்ந்த தன் வம்சத்துக்கு ஆரோக்கியமான உடல் ஒன்று வேண்டும் என்கிறாள். ஷா வெறுமனே கற்பனையில் எழுதியவர் அல்லர். கையுறை மாட்டிப் பயின்று, 1883இல் க்வீன்ஸ்பெரி அமெச்சூர் போட்டிக்குப் பெயர் கொடுத்தவர்.

பின்னாளில் வாழ்க்கை அந்த நாவலைப் பின்பற்றியது. 1926இல் ஜாக் டெம்ப்சியை வென்று உலக ஹெவிவெயிட் சாம்பியனான ஜீன் டன்னி, யேல் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியர் பற்றிப் பேசிய மனிதர். 1928இல் பட்டத்தோடு ஓய்வுபெற்று, செல்வந்தர் வீட்டுப் பெண் பாலி லாடரை ரோமில் மணந்தார். ஷாவும் டன்னியும் நெருங்கிய நண்பர்களானார்கள்.

ஜாக் லண்டன் 1905இல் எழுதிய 'த கேம்' இந்தப் பட்டியலில் மிகச் சிறியது. இந்த இதழின் பார்வையில் மிகக் கூர்மையானதும் அதுவே. தொடக்கத்தில் ஜோவும் ஜெனிவீவும் கடையில் கம்பளம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மறுநாள் கல்யாணம். அவன் கப்பல் பாய் தைப்பவன், தாயையும் தங்கைகளையும் காப்பாற்றுபவன்; அவள் மிட்டாய்க் கடையில் வேலை செய்பவள். இன்று இரவு ஒரு சண்டை, அதுவே கடைசி என்று வாக்குக் கொடுக்கிறான். நீயே வந்து பார், அப்போதுதான் இது எனக்கு என்ன என்று புரியும் என்கிறான். பெண்களுக்கு அனுமதியில்லாத அந்த அரங்கில், ஆண் உடையில் நுழைந்து, உடைமாற்றும் அறையின் சுவர்த் துளை வழியே அவள் பார்க்கிறாள். ஜோ ஜெயித்துக்கொண்டிருக்கிறான். ஈரமான தரையில் கால் வழுக்குகிறது. மோவாயில் ஒரு குத்து. விழுந்த வேகத்தில் மண்டை பிளந்து செத்துப்போகிறான். இப்படிச் சாக முடியாது என்று சில விமர்சகர்கள் எழுதினார்கள். அன்றைய பிரபல லைட்வெயிட் வீரர் ஜிம்மி பிரிட் பத்திரிகையில் எழுதிய மதிப்புரையில் லண்டனின் பக்கம் நின்றார்.

இன்றைய அமெரிக்கக் காதல் நாவலில் ஜோவுக்கு இடமில்லை. மனநிறைவு தரும், நம்பிக்கையான முடிவு இருந்தால்தான் அது அந்த வகையில் சேரும் என்று அங்கே காதல் நாவலாசிரியர் சங்கமே வரையறுத்து வைத்திருக்கிறது. அந்த வரையறையில் குற்றமில்லை. வாசகி அதை நம்பித்தான் பணம் கொடுக்கிறாள். ஆனால் அதன் விளைவாகச் சண்டைக்காரனின் தலை கதையிலிருந்து மறைந்துவிடுகிறது. தோள், வயிற்றுத் தசை, பச்சை குத்திய முதுகு எல்லாம் வருகின்றன. குத்துச்சண்டை வீரர்களுக்குக் காலப்போக்கில் வரும் மூளைச் சிதைவை நோயியல் மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் 1928லேயே மருத்துவ இதழில் விவரித்துவிட்டார். அந்த மறதியும் கைநடுக்கமும் காரணமற்ற கோபமும் நாற்பது வயதில் ஒரு மனைவியின் வீட்டுக்குள் எப்படி நுழையும் என்பதை இந்த நாவல்களின் முடிவுரைகள் தொடுவதே இல்லை. அவை குழந்தை பிறந்ததோடு நின்றுவிடுகின்றன.

தமிழ் வாசகருக்கு இந்த இடத்தில் நக்கண்ணையார் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். புறநானூற்றின் 83, 84, 85ஆம் பாடல்கள் அவருடையவை. ஆமூர் மல்லனோடு பொருது வென்ற சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியை எட்ட நின்று விரும்பிய பெண்ணின் குரல் அவற்றில் ஒலிக்கிறது. தழுவ ஆசை, தாய்க்கு அச்சம், அவையோர் முன் நாணம். வென்றான் என்று சிலரும் இல்லை என்று சிலரும் சொல்ல, சிலம்பு ஒலிக்க ஓடிப்போய்ப் பனைமரத்தருகே நின்று அவன் வென்றதைத் தானே பார்க்கிறாள். இலக்கணம் இதைக் கைக்கிளை, ஒருதலைக் காமம் என்று வகுக்கிறது. அவள் அவனைத் திருத்தவில்லை, ஆற்றவில்லை, அவனிடமிருந்து எந்த வாக்கும் கேட்கவில்லை. பார்ப்பவள் அவள், பார்க்கப்படுபவன் அவன். விருப்பத்தின் சொந்தக்காரி யார் என்பதில் அந்த மூன்று சிறு பாடல்களுக்குச் சந்தேகமே இல்லை.

அமெரிக்க நாவல்களின் நாயகிக்கோ பெரும்பாலும் வேறொரு வேலை காத்திருக்கிறது. 'ரியல்' நாவலின் ப்ரூக் ஓட்டப்பந்தய வீராங்கனையாக இருந்தவள். ஒலிம்பிக் தேர்வில் முழங்கால் தசைநார் அறுந்து, விளையாட்டு மறுவாழ்வு சிகிச்சையாளராகி, அந்தத் தகுதியில்தான் ரெமிங்டனின் குழுவில் சேர்கிறாள். ஜீனா மேக்ஸ்வெல்லின் 'செட்யூஸிங் சிண்ட்ரெல்லா' (2012) நாவலில் லூசி, அண்ணனின் நண்பனான கூண்டுச் சண்டைக்காரன் ரீடின் தோள்பட்டைக் காயத்துக்கு வைத்தியம் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். அவன் உடைந்து வருவான், அவள் ஒட்டவைத்து அனுப்புவாள். ப்ரூக்கின் சொந்த முழங்கால் என்ன ஆயிற்று, அவள் ஓட ஆசைப்பட்ட தூரம் என்ன ஆயிற்று என்பதில்தான் 'ரியல்' இன்னும் பெரிய நாவலாகியிருக்கும். எவன்ஸ் அந்தக் கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போகாமல் திரும்பிவிட்டார்.

அந்தக் கதவுக்குள் திரைப்படம் முன்பே போயிருக்கிறது. கேரின் குசாமாவின் 'கேர்ள்ஃபைட்' (2000) படத்தில் ப்ரூக்லின் பள்ளி மாணவி டயானா, தகப்பனுக்குத் தெரியாமல் குத்துச்சண்டை கற்கிறாள். சக வீரன் ஏட்ரியனைக் காதலிக்கிறாள். அமெச்சூர் இறுதிப் போட்டியில் அவனோடேயே மோத நேர்கிறது. ஏட்ரியனுக்கு அவளை அடிக்க மனமில்லை. ஆனால் அடிக்காமல் விட்டுக்கொடுப்பது அவளை மதிக்காமல் இருப்பது. இருவரும் முழு மூச்சாகச் சண்டை போடுகிறார்கள், அவள் ஜெயிக்கிறாள். அந்தத் தோல்விக்குப் பிறகு காதல் எப்படி நீடிக்கும் என்பதைப் படம் நேராகக் கேட்கிறது. 2012இல் பெண்கள் குத்துச்சண்டை ஒலிம்பிக்குக்குள் வந்தது. 2013இல் ரோண்டா ரவுசி யூஎஃப்சியின் முதல் பெண்கள் ஆட்டத்தில் வென்றார். அதே 2013இல் புத்தகக் கடைகளை நிறைத்த சண்டைக்கார நாவல்களிலோ பெண்கள் பெரும்பாலும் கயிற்றுக்கு வெளியேதான் நின்றார்கள்.

இவர்களுக்கெல்லாம் முன்னால் நடந்தவர் கிறிஸ்டி மார்ட்டின். 1996 மார்ச்சில் டைசன்–ப்ரூனோ ஆட்டத்துக்கு முன் நடந்த போட்டியில் மூக்கிலிருந்து ரத்தம் வழிய டீயர்ட்ரா கோகார்ட்டியை வென்று, அமெரிக்காவையே பெண்கள் குத்துச்சண்டையைப் பார்க்கவைத்தவர். அவருடைய பயிற்சியாளர் ஜிம் மார்ட்டின்தான் கணவரும். கிறிஸ்டியைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். 2010 நவம்பரில், பிரிந்து போவதாகச் சொன்ன கிறிஸ்டியை ஜிம் ஃப்ளோரிடா வீட்டில் கத்தியால் குத்தினார், துப்பாக்கியால் சுட்டார். செத்துவிட்டார் என்று நினைத்து அவர் நகர்ந்தபோது கிறிஸ்டி எழுந்து சாலைக்கு வந்து, போய்க்கொண்டிருந்த காரை நிறுத்தி உயிர் தப்பினார். 2012இல் ஜிம்முக்கு 25 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. மேடையில் யாராலும் எளிதில் வீழ்த்த முடியாத ஒரு பெண், வீட்டுக்குள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பயந்து வாழ்ந்தார். பொறாமையைக் காதல் என்று எழுதும் ஒவ்வொரு நாவலாசிரியரும் இந்த வழக்கை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

கிறிஸ்டியின் கதை அங்கே முடியவில்லை. 2001இல் தன்னோடு மோதிப் புள்ளிகளில் தோற்ற லிசா ஹோல்வைனை அவர் 2017இல் மணந்துகொண்டார். அந்த இருவருக்கும் மற்றவரின் குத்து எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். பயிற்சிக் காலத்தின் பசி, தோற்ற இரவின் வெட்கம், மேடையை விட்ட பிறகு வரும் வெறுமை எல்லாம் தெரியும். சண்டைக்காரர் காதலை எழுதப் போகும் அடுத்த நாவலாசிரியர் சட்டையில்லாத இன்னொரு இருபத்தைந்து வயது இளைஞனைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஒரு காலத்தில் எதிரெதிர் மூலைகளில் நின்ற, நாற்பதைக் கடந்து கல்யாணம் செய்துகொண்ட இந்த இரண்டு பெண்களிடமிருந்து தொடங்கலாம்.