ஆதரவு இழந்த ரவுட்டர்களும் மலையக இல்லங்களின் பாதுகாப்பும்

நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டங்களுக்கு வீதியும் மின்சாரமும் தாமதமாக வந்ததைப் போலவே இணைய வசதியும் தாமதமாகவே வந்து சேர்ந்தது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொவிட் தொற்றுக் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டுக் கற்பித்தல் இணையத்துக்கு மாற்றப்பட்டபோது, அலைவரிசை கிடைக்கும் மேட்டு நிலத்தைத் தேடிப் பிள்ளைகள் அலைய நேர்ந்ததை எவரும் இலகுவில் மறந்துவிட முடியாது. அதன் பின்னர் ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவை, மஸ்கெலியா பகுதிகளின் குடியிருப்புகளிலும், நகரத்துக் கடைகளிலும், தனியார் வகுப்புகளிலும் ரவுட்டர் எனப்படும் சிறு பெட்டி ஓர் அத்தியாவசியப் பொருளாக இடம்பிடித்துவிட்டது. இது வரவேற்கத்தக்க மாற்றம் என்பதில் இரு கருத்துகளுக்கு இடமில்லை. ஆனால், அந்தப் பெட்டியின் பாதுகாப்பு குறித்துப் போதிய கவனம் செலுத்தப்படுகின்றதா என்ற வினாவை எழுப்ப வேண்டிய கட்டாயத்தில் நாம் உள்ளோம்.

ரவுட்டர் என்பது வெறும் மின்கருவியன்று. அது ஒரு சிறிய கணினி. அதனுள்ளே நிலையாகப் பதிக்கப்பட்டுள்ள மென்பொருளையே நிலைபொருள், அதாவது ஃபேர்ம்வெயார், என்கின்றனர். மனிதர் எழுதும் எந்த மென்பொருளிலும் குறைபாடுகள் காலப்போக்கில் வெளிப்படவே செய்யும். உற்பத்தி நிறுவனங்கள் சில வருடங்களுக்குத் திருத்தங்களை வெளியிடுகின்றன. அதன் பின்னர் அந்த மாதிரிக்கான ஆதரவு முடிவடைந்துவிட்டதாக அறிவித்துக் கைகழுவிவிடுகின்றன. வேடிக்கை என்னவெனில், அதன் பின்பும் அப்பெட்டி பழுதின்றி இயங்கிக் கொண்டிருக்கும். விளக்குகளும் வழமை போல மின்னும். பூட்டு உடைந்த கதவு சாத்தியபடியே இருப்பதனால் வீட்டாருக்கு ஐயம் எழுவதில்லை.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' எனும் தீநிரல், தயாரிப்பின்போது இடப்பட்ட கடவுச்சொல் மாற்றப்படாத கருவிகளைத் தேடிப் பிடித்து, அவற்றைக் கொண்டே அமெரிக்காவின் பிரபல இணையத்தளங்களைச் செயலிழக்கச் செய்தது. 2018 மே மாதத்தில் 54 நாடுகளில் குறைந்தது 5 இலட்சம் கருவிகள் 'விபிஎன்ஃபில்டர்' எனும் தீநிரலுக்கு இலக்காகியிருந்தமை கண்டறியப்பட்டது. அதே ஆண்டில், பெரும்பாலும் பிரேசிலில், ஒரு இலட்சத்துக்கும் அதிகமான ரவுட்டர்களின் அமைப்புகள் இரகசியமாக மாற்றப்பட்டன. வங்கியின் முகவரியைச் சரியாகவே தட்டச்சுச் செய்தவர்களும் போலித் தளங்களுக்கு இட்டுச் செல்லப்பட்டனர்.

2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நிறுவனம் விடுத்த எச்சரிக்கை எமது விடயத்துடன் நேரடித் தொடர்புடையது. ஆதரவுக் காலம் முடிந்த பழைய ரவுட்டர்களைக் கைப்பற்றி, அவற்றின் ஊடாகத் தமது அடையாளத்தை மறைத்துக் கொள்ள விரும்புவோருக்கு மாத வாடகைக்கு விட்டு வந்த இரு இணைய சேவைகள் அப்போது முடக்கப்பட்டன. வாடகை மாதமொன்றுக்கு சுமார் 10 டொலரிலிருந்து 110 டொலர் வரை. இந்த வியாபாரத்தின் மூலம் 46 மில்லியன் டொலருக்கு மேல் ஈட்டப்பட்டதாக நம்பப்படுகின்றது. அதாவது, யாரோ ஒருவருடைய வீட்டு ரவுட்டர், அவருக்குத் தெரியாமலேயே, முன்பின் அறியாத குற்றவாளி ஒருவரின் முகமூடியாகியுள்ளது.

மலையகத்தைப் பொறுத்தவரை இதன் தாக்கம் என்ன? கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் உழைக்கும் பிள்ளைகள் அனுப்பும் பணம் இன்று கைத்தொலைபேசியின் வழியாகவே வங்கிக் கணக்குகளில் பார்வையிடப்படுகின்றது. தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாறான வருமானத்தில் வாழும் குடும்பமொன்றின் சேமிப்பு ஒரே இரவில் பறிபோனால் அதனை மீண்டும் சேர்ப்பதற்கு வருடங்கள் தேவைப்படும். ஹட்டன் கடைவீதியின் தமிழ், முஸ்லிம் வர்த்தகர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. மேலும், ஒரு ரவுட்டரின் ஊடாகக் குற்றம் இழைக்கப்படும்போது விசாரணை முதலில் வந்து நிற்பது அந்த இணைப்பின் உரிமையாளருடைய வாசலிலேயே ஆகும். அறியாமல் நேர்ந்தது என்பதை ஈற்றில் நிரூபிக்க முடியுமாயினும், அதுவரையிலான அலைச்சலையும் அவமானத்தையும் யார் ஈடு செய்வது? லயன் வீட்டுக்கெனத் தனியான தபால் முகவரி இல்லாமையால் கடிதங்கள் உரியவரைச் சேராத அவலம் இன்னும் முற்றாகத் தீரவில்லை. ஆனால் அந்த வீட்டின் ரவுட்டருக்கு உலகின் எந்த மூலையிலிருந்தும் கதவைத் தட்டக்கூடிய ஒரு முகவரி கிடைத்துவிடுகின்றது என்பது காலத்தின் முரண்நகை.

காலாவதியான மென்பொருளின் விலையை எமது நாடு ஏற்கெனவே செலுத்தியுள்ளது. 2023 ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசாங்கத்தின் மேகக் கணினி வலையமைப்பு கப்பத் தீநிரலால் தாக்கப்பட்டது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் இழக்கப்பட்டன. அமைச்சரவை அலுவலகம் உட்பட சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அங்கு பயன்படுத்தப்பட்டது, 2023 ஏப்ரல் மாதத்துடன் தயாரிப்பாளரின் ஆதரவு முடிவடைந்திருந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதனை மேம்படுத்தும் திட்டம் 2021இலேயே இருந்தபோதும் நிதியின்மையாலும் முன்னைய தீர்மானங்களாலும் அது தாமதமானதாக விளக்கமளிக்கப்பட்டது. அரசாங்கத்துக்கே இந்நிலை எனில், தோட்டத்துக் குடும்பமொன்றைக் குறை கூறுவதில் பொருளில்லை.

எனினும் வழியே இல்லையென்று கையை விரித்துவிட வேண்டியதுமில்லை. 2002ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்த லிங்க்சிஸ் நிறுவனத்தின் ரவுட்டர் ஒன்று, லினக்ஸ் எனும் கட்டற்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்டிருந்தமை பின்னர் தெரியவந்தது. அதன் உரிம நிபந்தனைகளுக்கமைய மூல நிரலை வெளியிட வேண்டிய நிர்ப்பந்தம் 2003இல் அந்நிறுவனத்துக்கு ஏற்பட்டது. அதிலிருந்து பிறந்ததே 2004இல் தொடங்கிய 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' எனும் மாற்று நிலைபொருள். 'டி.டி. டபிள்யூ.ஆர்.டி.', 'ஃபிரெஷ் டொமாட்டோ' ஆகியனவும் இவ்வழியில் வந்தவையே. தயாரிப்பாளர் கைவிட்ட பெட்டியில் அவரது மென்பொருளை நீக்கிவிட்டு, தொடர்ந்து திருத்தப்படும் ஒன்றை இலவசமாகப் பதிப்பதே இதன் சாரம். புதிய கருவி வாங்கும் செலவும், பழையதைக் குப்பையில் எறியும் பாவமும் இதனால் தவிர்க்கப்படுகின்றன. ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. மென்பொருளின் இடைமுகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்புத் தொகுதியும் உள்ளமை எமது வாசகர்கள் அறிய வேண்டிய செய்தியாகும்.

ஆயினும் இதனைச் சர்வரோக நிவாரணியாக எண்ணுவது தவறு. முதலாவது தடை, கருவியின் கொள்ளளவு. உலகெங்கும் பெருமளவில் விற்பனையான டி.பி. லிங்க் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர். 841 என். மாதிரியை எடுத்துக் கொள்வோம். அதன் பழைய பதிப்புகளிலுள்ள குறைபாடொன்று தாக்குதல்களில் பயன்படுத்தப்படுவதாக 2025 ஜூன் மாதத்தில் அமெரிக்க இணையப் பாதுகாப்பு முகவரகம் அறிவித்தது. மாற்று நிலைபொருளைப் பதித்துத் தப்பலாமெனில், 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் கொண்ட அத்தகைய கருவிகளுக்கு ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.யின் 19.07 வரிசையே இறுதியானது. அந்த வரிசைக்கான ஆதரவும் 2022இல் முடிந்துவிட்டது. கைவிடப்பட்ட ஒன்றுக்குப் பதிலாகக் கைவிடப்பட்ட மற்றொன்றைப் பதிப்பதால் யாருக்கு என்ன நன்மை? குறைந்தது 16 மெகாபைட் சேமிப்பும் 128 மெகாபைட் நினைவகமும் உள்ள கருவியே இன்றைய நிலையில் நம்பிக்கைக்குரியது.

இரண்டாவது தடை, சேவை நிறுவனங்கள் வழங்கும் பெட்டிகள். சிம் அட்டையில் இயங்கும் 4ஜி ரவுட்டர்களும், ஃபைபர் இணைப்புடன் தரப்படும் கருவிகளும் பெரும்பாலும் பூட்டப்பட்டவை. அவற்றின் உள்ளிருக்கும் சில்லுகள் பலவற்றுக்கு மாற்று நிலைபொருள் கிடையாது. நிறுவனத்துக்குச் சொந்தமான கருவியில் கைவைப்பது உடன்படிக்கைக்கு முரணாகவும் அமையலாம். மூன்றாவது, பராமரிப்பு. மாற்று நிலைபொருள் ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடும் தடுப்பூசியன்று. புதிய பதிப்பு வெளிவரும்போதெல்லாம் இற்றைப்படுத்த ஒருவர் இருக்க வேண்டும்.

எனவே, பாவனையாளர்கள் செய்யத்தக்கவற்றை வரிசைப்படுத்திக் கூறுவது எமது கடமையென்று கருதுகின்றோம். முதலில், பெட்டியின் அடியிலுள்ள ஒட்டியில் மாதிரி எண்ணையும், அதன் அருகே அச்சிடப்பட்டுள்ள வன்பொருள் பதிப்பு எண்ணையும் குறித்துக் கொள்ள வேண்டும். ஒரே பெயரில் விற்கப்படும் கருவிகள் பதிப்புக்குப் பதிப்பு உள்ளே முற்றிலும் வேறுபடுகின்றன. தயாரிப்பாளரின் தளத்தில் திருத்தம் இன்னும் வெளிவருமாயின் அதனையே பதிப்பது போதுமானது. வெளிவராவிடின், ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. தளத்தின் கருவிப் பட்டியலில் அந்த மாதிரியும் பதிப்பும் இடம்பெற்றுள்ளனவா, தற்போதைய வெளியீடு அதற்குக் கிடைக்கின்றதா எனப் பார்க்க வேண்டும்.

இரண்டுக்கும் விடை ஆம் எனில் மட்டுமே அடுத்த படி. கோப்பினை உத்தியோகபூர்வத் தளத்திலிருந்து பதிவிறக்கி, அதன் சரிபார்ப்பு எண்ணை ஒப்பிட்டு, வைஃபை மூலமன்றிக் கம்பி இணைப்பின் மூலமே பதிக்க வேண்டும். இடையில் மின்சாரம் தடைப்பட்டால் கருவி வெறும் செங்கல்லாகிவிடக்கூடும். மழையும் மின்னலும் மின்தடையும் சகஜமான மலைப்பிரதேசத்தில் இது கவனத்திற்குரியது. பதித்த உடனேயே நிர்வாகக் கடவுச்சொல்லை இட வேண்டும். ஏனெனில் ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. ஆரம்பத்தில் கடவுச்சொல் இன்றியே வருகின்றது. வைஃபையும் பொதுவாக அணைக்கப்பட்டே இருக்கும்.

மாற்ற முடியாத பெட்டியை வைத்திருப்போருக்கும் வழியுண்டு. வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும், டபிள்யூ.பி.எஸ்., யூ.பி.என்.பி. ஆகியவற்றையும் நிறுத்திவிடலாம். தயாரிப்பாளர் இட்ட கடவுச்சொல்லை மாற்றலாம். இடையிடையே அணைத்து மீண்டும் இயக்குவதால் நினைவகத்தில் மட்டும் தங்கும் தீநிரல்கள் நீங்கும். ஆனால் ஓட்டை அடைபடாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். வசதியுள்ள இடத்தில், நிறுவனத்தின் பெட்டிக்குப் பின்னால் ஆதரவுள்ள ரவுட்டர் ஒன்றை இணைத்து, வீட்டுக் கருவிகள் அனைத்தையும் அதனுடன் தொடர்புபடுத்துவது சிறந்தது. ஆதரவு இழந்த பழைய கருவியையோ, இணையத்தை நேரடியாக எதிர்கொள்ளாதவாறு உள்ளே அலைவரிசையைப் பரப்ப மட்டும் பயன்படுத்தலாம். இவை ஆபத்தைக் குறைக்குமேயன்றி முற்றாக நீக்கா.

ஆனால், முழுச் சுமையையும் கொழுந்து கொய்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒருவரின் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல் நடைமுறையிலுள்ள சட்டம், எல்லோருக்கும் பொதுவான கடவுச்சொல்லுடன் கருவிகளை விற்பதைத் தடை செய்துள்ளது. பாதுகாப்புத் திருத்தங்கள் எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதை வெளிப்படுத்துமாறும் பணிக்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையத் தாங்குதிறன் சட்டத்தின் பிரதான கடப்பாடுகள் 2027 டிசெம்பர் முதல் அமுலாகவுள்ளன. அதன்படி பொதுவாக ஐந்து வருடங்களேனும் ஆதரவு வழங்கப்பட வேண்டும். அந்நாடுகளில் விற்க முடியாமற்போகும் பழைய சரக்குகள் எமது சந்தைகளில் வந்து குவியும் அபாயத்தையும் அலட்சியம் செய்ய முடியாது.

இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பு. தொலைத்தொடர்புக் கருவிகளுக்கு வகை அங்கீகாரம் வழங்குவதும் அதுவே. அந்த அங்கீகாரத்துடன் ஆதரவு முடியும் திகதியையும் பெட்டியின் மேல் மூன்று மொழிகளிலும் அச்சிடுமாறு பணிப்பதற்குப் பெரும் செலவேதும் இல்லை. பாலுக்கும் மருந்துக்கும் காலாவதித் திகதி கேட்கும் நாம் ரவுட்டருக்கு ஏன் கேட்கக் கூடாது? சேவை நிறுவனங்கள் தாம் வழங்கிய கருவியின் ஆதரவு முடிந்ததும் வாடிக்கையாளருக்குத் தமிழில் அறிவித்து மாற்றிக் கொடுக்க வேண்டும். இயலாவிடின் பூட்டை நீக்கிக் கொடுக்க வேண்டும்.

மலையகத்தில் கைத்தொலைபேசி திருத்தும் சிறு கடைகளில் திறமைமிக்க இளைஞர்கள் பலர் உள்ளனர். தொழிற்பயிற்சி நிலையங்கள் இரண்டொரு நாள் பயிற்சியை வழங்குமாயின், நிலைபொருள் மாற்றுவதும் பராமரிப்பதும் அவர்களுக்கு ஒரு வருமான வழியாகவும், பிரதேசத்துக்கு ஒரு பாதுகாப்பாகவும் அமையும். கோயில் பரிபாலன சபைகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், பழைய மாணவர் சங்கங்களும் இதற்கு முன்வரலாம்.

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தைச் சிதைத்தபோது, தொடர்பு அறுந்துபோவதன் கொடுமையை மக்கள் அனுபவித்து உணர்ந்தனர். தொடர்பு இருந்தும் அது பிறர் கையில் இருப்பது அதனிலும் கண்ணுக்குத் தெரியாத ஆபத்தாகும். இணைப்பைக் கொடுத்துவிட்டதுடன் கடமை முடிந்துவிட்டதாகக் கருதாமல், அதனைப் பாதுகாக்கும் வழியையும் மக்களுக்கு ஏற்படுத்திக் கொடுக்க அரசாங்கமும் சேவை நிறுவனங்களும் முன்வர வேண்டும் என்பதே எமது வேண்டுகோளாகும்.